ஓப்பன்ஏசிசி சேர்த்த பிறகும் நிரல் ஏன் மெதுவாக ஓடுகிறது?

கேள்வி: வெப்பப் பரவல் சமன்பாட்டை ஜக்கோபி முறையில் தீர்க்கும் ஃபோர்ட்ரான் நிரல் ஒன்று வைத்திருக்கிறேன். 4096க்கு 4096 கட்டம், இரட்டைத் துல்லிய எண்கள். இரண்டு சிபியு உள்ள சர்வரில் ஓப்பன்எம்பி (வேலையை எல்லா கோர்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் டைரக்டிவ்கள்) போட்டு எல்லா கோர்களிலும் நன்றாக ஓடுகிறது. அதே சர்வரில் இருக்கும் என்விடியா வி100 ஜிபியுவையும் பயன்படுத்தலாம் என்று லூப்களின் தலையில் ஓப்பன்ஏசிசி டைரக்டிவ் (லூப்பை ஜிபியுவில் ஓட்டச் சொல்லிக் கம்பைலருக்குக் கொடுக்கும் குறிப்பு வரி) சேர்த்தேன். விடை சரியாக வருகிறது, ஆனால் நேரம் பல மடங்கு கூடிவிட்டது. எல்லாவற்றையும் குடாவில் (என்விடியா ஜிபியுவுக்கென்றே நிரல் எழுதும் முறை) திரும்ப எழுத வேண்டியதுதானா?
(ஆய்வு மாணவர் ஒருவர்)

பதில்: குடா வேண்டாம். உங்கள் லூப்களில் பெரிய குறை எதுவும் இருக்க வாய்ப்பில்லை. தரவு எங்கே தங்க வேண்டும் என்று கம்பைலரிடம் நீங்கள் சொல்லவில்லை. அதனால் அது ஒவ்வொரு லூப்புக்கும் அணிகளை (கட்டத்தின் எண்களை வைத்திருக்கும் அரேக்களை) ஜிபியுவுக்கு அனுப்பி, லூப் முடிந்ததும் திரும்ப எடுத்து வருகிறது. அந்தப் போக்குவரத்துக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள்.

உங்கள் கட்டத்தில் சுமார் 1.68 கோடி புள்ளிகள். புள்ளிக்கு 8 பைட் என்றால் ஓர் அணி 134 எம்பி. ஜக்கோபியின் ஒரு சுற்றில் இரண்டு லூப் உண்டு: பழைய அணியை வைத்துப் புதியதைக் கணக்கிடுவது ஒன்று, புதியதைப் பழையதில் நகலெடுப்பது இன்னொன்று. கம்பைலர் எவ்வளவு சிக்கனமாக நடந்தாலும், லூப்புக்கு ஓர் அணி உள்ளே போகும், ஓர் அணி வெளியே வரும். ஆக, சுற்றுக்கு நான்கு பயணம். வி100 அட்டை உட்காரும் பிசிஐ எக்ஸ்பிரஸ் மூன்றாம் தலைமுறை இணைப்பு ஒரு திசையில் விநாடிக்கு 16 ஜிபி என்பார்கள், கைக்கு வருவது 12 அளவில்தான். ஒரு பயணத்துக்கு 11 மில்லிவிநாடி, நான்குக்கும் சேர்த்து 45.

இதே இரண்டு லூப்களும் ஜிபியுவின் சொந்த நினைவகத்திலேயே நடந்தால்? படிப்பதும் எழுதுவதுமாக மொத்தம் 537 எம்பி. அந்த நினைவகத்தின் வேகம் விநாடிக்கு 900 ஜிபி. முழு வேகம் கிடைக்காது என்று வைத்துக்கொண்டாலும் 0.7 மில்லிவிநாடி போதும். உங்கள் இரண்டு சிபியுவும் சேர்ந்து விநாடிக்கு 200 ஜிபி தந்தால் 3 மில்லிவிநாடிக்குள் முடிப்பார்கள். 0.7 மில்லிவிநாடி வேலைக்கு 45 மில்லிவிநாடி போக்குவரத்து செய்தால், சிபியு ஜெயிப்பதில் வியப்பே இல்லை.

மருந்து ஒரு வரிதான். உள் லூப்களின் தலையில் அல்ல, சுற்றுகளை எண்ணும் வெளி லூப்புக்கும் வெளியே ஒரு டேட்டா பகுதி திறங்கள். பழைய அணிக்கு ‘காப்பி’: தொடக்கத்தில் ஒருமுறை உள்ளே, கடைசியில் ஒருமுறை வெளியே. புதிய அணி வெறும் தற்காலிக இடம், அதற்கு ‘கிரியேட்’ போதும். ஜிபியுவில் இடம் மட்டும் ஒதுக்கப்படும், எதுவும் பயணிக்காது. குவிகிறதா என்று பார்க்க நீங்கள் எடுக்கும் அதிகபட்ச வித்தியாசம் ஒரே ஓர் எண். அதை ‘ரிடக்ஷன்’ (எல்லாப் புள்ளிகளின் மதிப்பையும் ஓர் எண்ணாகச் சுருக்குவது) மூலம் எடுங்கள், சுற்றுக்கு 8 பைட் வந்து போவதால் ஒன்றும் கெட்டுவிடாது. நடுவில் நூறு சுற்றுக்கு ஒருமுறை கோப்பில் எழுத வேண்டுமா? அந்த இடத்தில் மட்டும் ‘அப்டேட் செல்ஃப்’ என்று அணியைச் சிபியுவுக்கு இறக்குங்கள். இது மறந்துபோனால் பிழைச் செய்தி எதுவும் வராது, கோப்பில் பழைய எண்கள்தான் இருக்கும்.

அப்புறம், ஒவ்வொரு பேரலல் லூப்பிலும் ‘டீஃபால்ட்(பிரசென்ட்)’ சேர்க்கச் சொல்லி நான் எல்லோரிடமும் வற்புறுத்துவேன். ஏதாவது ஓர் அணி ஜிபியுவில் இல்லையென்றால் கம்பைலர் சத்தமில்லாமல் நகலெடுக்காது, நிரல் அங்கேயே நின்று சொல்லிவிடும். வாரக்கணக்கில் தெரியாமல் இருக்கும் தாமதத்தைவிட உடனே விழும் பிழை எவ்வளவோ மேல்.

எல்லை நிபந்தனைகளை (கட்டத்தின் ஓரப் புள்ளிகளின் மதிப்புகளை) பூசும் குட்டி லூப்பை ‘இதற்கெல்லாம் ஜிபியு எதற்கு’ என்று பலர் சிபியுவிலேயே விட்டுவிடுகிறார்கள். அங்கேதான் முழு அணியும் மறுபடி மேலும் கீழும் போகத் தொடங்கும். அந்த லூப் ஜிபியுவில் மோசமாக ஓடினாலும் பரவாயில்லை, அங்கேயே ஓடட்டும். சுவிட்சர்லாந்தின் வானிலை நிறுவனமான மீட்டியோசுவிஸ் 2016இல் தன் அன்றாட வானிலைக் கணிப்பை ஜிபியுக்களுக்கு மாற்றியபோது இதைத்தான் பெரிய அளவில் செய்தது. அவர்கள் பயன்படுத்திய காஸ்மோ என்ற வானிலை மாதிரியில், காற்றின் ஓட்டத்தைக் கணக்கிடும் இயக்கவியல் பகுதியை சி++ மொழியில் புதிதாக எழுதினார்கள். மேகம், கதிர்வீச்சு போன்ற இயற்பியல் பகுதிகளின் ஃபோர்ட்ரானை வைத்துக்கொண்டு ஓப்பன்ஏசிசி டைரக்டிவ் போட்டார்கள். நேர லூப்புக்குள் இருக்கும் எல்லாமே ஜிபியுவில் இருக்க வேண்டும் என்பதே அடிப்படை முடிவு.

மாற்றிய பிறகு சரிபாருங்கள். என்விடியா கம்பைலரில் ‘எம்இன்ஃபோ=ஆக்செல்’ கொடுத்தால் எந்த லூப் எப்படிப் பிரிந்தது, எந்த அணி எங்கே நகலாகிறது என்று வரி எண்ணோடு சொல்லும். வெளி லூப்புக்குள் ‘இம்ப்ளிசிட் காப்பி’ என்று ஏதாவது கண்ணில் பட்டால் நிறுத்திப் பாருங்கள். நேரம் எங்கே போகிறது என்று காட்டும் என்விடியாவின் ப்ரொஃபைலரான என்சைட் சிஸ்டம்ஸில் ஓட்டினால் போக்குவரத்து தனிப் பட்டையாகவே தெரியும்.

இதற்கு மேல் வேகம் வேண்டுமென்றால் நகலெடுக்கும் லூப்பையே தூக்கிவிடுங்கள். ஒரு சுற்றை சப்ரூட்டீனாக எழுதி, ஒருமுறை பழையது–புதியது என்றும் அடுத்தமுறை மாற்றியும் அழைத்தால் நினைவகப் போக்குவரத்து பாதியாகும். இரண்டு உள் லூப்களையும் ‘கொலாப்ஸ்(2)’ கொண்டு சேர்க்கலாம். ஃபோர்ட்ரானில் முதல் சுட்டெண்தான் நினைவகத்தில் அடுத்தடுத்து வருவது, ஆகவே அதுவே உள்ளே இருக்கட்டும்.

எதிர்பார்ப்பையும் அளவோடு வையுங்கள். ஜக்கோபியில் கணக்கு குறைவு, நினைவகத்தைத் தொடுவது அதிகம். எனவே 900க்கு 200 என்ற விகிதம்தான் உங்கள் உச்சவரம்பு. நான்கு மடங்கு கிடைத்தால் முழு லாபம். நூறு மடங்கு என்று காட்டும் ஒப்பீடுகள் பெரும்பாலும் ஒரே ஒரு சிபியு கோரை எதிரில் வைத்தவை.

ஓர் எச்சரிக்கை. நாளைக்கு காஸ்–சைடல் முறைக்கு மாறினால் இதே டைரக்டிவை அப்படியே போட்டுவிடாதீர்கள். அதில் ஒரு புள்ளி, இதே சுற்றில் கணக்கான பக்கத்துப் புள்ளியைச் சார்ந்தது. ‘பேரலல் லூப்’ என்று எழுதினால், சார்பு இல்லை என்று நீங்கள் உறுதி கொடுத்ததாகக் கம்பைலர் எடுத்துக்கொள்ளும். ஓட்டத்துக்கு ஓட்டம் விடை மாறும். சதுரங்கப் பலகைபோல் சிவப்பு–கறுப்பு வரிசையில் புள்ளிகளைப் பிரித்தால் இந்தச் சிக்கல் தீரும். மற்றபடி, சிபியு விடைக்கும் ஜிபியு விடைக்கும் கடைசி இலக்கங்களில் வித்தியாசம் வருவது இயல்பு. பெருக்கலையும் கூட்டலையும் ஒரே முழுமையாக்கத்தில் ஜிபியு செய்வது அதற்கு ஒரு காரணம்.

ஓப்பன்ஏசிசியா, ஓப்பன்எம்பியா என்றும் அடுத்து கேட்பீர்கள். ஓப்பன்ஏசிசி 2011இல் வந்தது, 2013இல் ஓப்பன்எம்பி 4.0, ஜிபியுவுக்கு வேலையை அனுப்பும் ‘டார்கெட்’ டைரக்டிவைக் கொண்டுவந்தது. என்விடியா மட்டும் போதும் என்றால் ஓப்பன்ஏசிசியிலேயே இருங்கள், அதன் கம்பைலர் நன்கு முதிர்ந்தது. ஏஎம்டி அல்லது இன்டெல் ஜிபியுவில் ஓட்டும் வாய்ப்பு இருந்தால் ஓப்பன்எம்பிக்கு மாறிக்கொள்ளுங்கள். டேட்டா பகுதி ‘டார்கெட் டேட்டா’ ஆகும், ‘காப்பி’ இருந்த இடத்தில் ‘மேப்(டூஃப்ரம்)’, ‘கிரியேட்’ இருந்த இடத்தில் ‘மேப்(அலாக்)’. தரவை எங்கே வைப்பது என்று நீங்கள் இப்போது போடும் திட்டம் மாறாது. குடாவைப் பற்றி யோசிப்பது, இவ்வளவும் செய்த பின் ஏதாவது ஒரு லூப் மட்டும் நினைவக வேகத்தில் பாதியைக்கூட எட்டவில்லை என்று ப்ரொஃபைலர் காட்டினால் மட்டும். அப்போதும் அந்த ஒரு லூப்பை மட்டும் குடாவில் எழுதி, ஜிபியுவில் உள்ள முகவரியைத் தரும் ‘ஹோஸ்ட்_டேட்டா’ டைரக்டிவ் வழியாக அதே அணிகளைக் கொடுக்கலாம்.