சிவப்பில் இருக்கும் வீட்டை வாங்கலாமா?

தம்பி, கலிபோர்னியாவில் ஓக்லாந்து மலைப்பக்கம் நீங்கள் பார்த்த வீடு தீ அபாய வரைபடத்தில் சிவப்பில், அதாவது மிக அதிக அபாயப் பகுதியில், வருகிறது, சிட்டி கவுன்சில் அதை மாற்றிவிடும் என்று ஏஜென்ட் சொல்கிறார், நம்பலாமா என்று கேட்டிருந்தீர்கள். நம்பாதீர்கள்.

வரைபடம் போடுவது நகராட்சி இல்லை, மாநிலத் தீயணைப்புத் துறையான கால் ஃபயர். 2025 பிப்ரவரி, மார்ச்சில் புதிய வரைபடங்களை ஊர் ஊராகக் கொடுத்தார்கள், 30 நாளுக்குள் மக்கள் பார்வைக்கு வைத்து 120 நாளுக்குள் சட்டமாக்க வேண்டும் என்பது விதி, அப்படிச் செய்யும்போது ஒரு பகுதியின் அபாய அளவை நகராட்சி கூட்டலாமே தவிர குறைக்க முடியாது. 1991இல் அதே மலையில்தான் தீயில் 25 பேர் இறந்தார்கள். நகரங்களுக்குள்ளும் இப்படி வரைபடம் போடும் சட்டம் மறுவருடம் வந்ததே அதனால்தான்.

சரி, சிவப்பு என்றால் என்ன? நிலத்தின் சரிவு, செடிகொடி, காற்று, தீப்பொறி பறக்கும் தூரம் இவற்றை வைத்து அடுத்த 30 முதல் 50 வருடத்துக்குப் போட்ட கணக்கு அது. உங்கள் வீட்டுக் கூரை எது, புதரை வெட்டினீர்களா என்பதெல்லாம் அதில் வராது. ஆனால் சிவப்பில் இருந்தால் வீட்டைச் சுற்றி 100 அடிக்கு, அல்லது உங்கள் எல்லை வரைக்கும், காய்ந்த புல் புதரை ஒழுங்காக வைத்திருக்க வேண்டும், விற்கும்போது வாங்குபவரிடம் சொல்லியாக வேண்டும். நிறம் இல்லாத இடமெல்லாம் பத்திரம் என்றும் நினைக்காதீர்கள், 2017இல் சாண்டா ரோசா நகரின் காஃபி பார்க் குடியிருப்புப் பகுதி வரைபடத்தில் இல்லாமலேயே தெருத்தெருவாக எரிந்துபோனது.

இன்சூரன்ஸ்தான் எனக்குப் பெரிய கவலை. கம்பெனிகள் தங்கள் சொந்தக் கணக்கை வைத்தே முடிவெடுக்கின்றன. புது வரைபடம் வருவதற்கு முந்தைய வருடமே எங்கள் வீட்டுக்குப் புதுப்பிக்க மாட்டோம் என்று கடிதம் வந்துவிட்டது, பதினைந்து வருடம் ஒரு தவணை தவறாமல் கட்டியிருந்தும். இரண்டு மாதம் அலைந்து, வேறு கம்பெனி கிடைக்காதவர்களுக்குக் கடைசிப் புகலிடமான ஃபேர் பிளான் இன்சூரன்ஸில் சேர்ந்தோம், அது முக்கியமாகத் தீக்குத்தான், திருட்டு, தண்ணீர்ச் சேதத்துக்கு வேறு பாலிசி தனியாக எடுக்க வேண்டியிருந்தது. அதனால் கண்டிஞ்சென்சியை, அதாவது வாங்காமல் பின்வாங்க ஒப்பந்தத்தில் இருக்கும் நிபந்தனையை, விடுவதற்கு முன்பே இன்சூரன்ஸுக்கு எவ்வளவு ஆகும் என்று எழுத்தில் கோட் வாங்கிவிடுங்கள், வாய்வார்த்தை வேண்டாம்.

அப்புறம் அடுத்த முறை வீடு பார்க்கப் போகும்போது, சுவரை ஒட்டி மரவேலி இருக்கிறதா, பரண் காற்றுத் துவாரங்களில் தீப்பொறி நுழையாதபடி பொடிக் கண்ணி வலை இருக்கிறதா என்று பார்த்துப் படம் எடுத்து அனுப்புங்கள்.