சாயங்காலமே புழு விழுந்ததா? அந்தப் பாட்டிலை ஓரமாக வையுங்கள்

கேள்வி: திருவையாறு பக்கம், கொள்ளிடப் படுகையில் ஒரு ஏக்கரில் கத்தரியும் கீரையும் போட்டு, ஒரு தியான மையத்தின் சமையல்கூடத்துக்கு இயற்கை விளைச்சலாகக் கொடுத்து வருகிறேன். வெங்காயம், பூண்டு மட்டும் அவர்களுக்கு வேண்டாம். கத்தரியில் பாதி சொத்தை, கூடையோடு திரும்பி வருகிறது. கடையில் ‘முழுக்க வேம்பு’ என்று ஒரு மருந்து கொடுத்தார்கள். இலையிலிருந்த புழுவெல்லாம் சாயங்காலத்துக்குள் விழுந்துவிட்டது, காய்ப்புழு மட்டும் போகவில்லை. எத்தனை நாளைக்கு ஒருமுறை அடிக்கலாம்?

பதில்: தம்பி, இனி ஒருமுறைகூட அடிக்க வேண்டாம். காலையில் அடித்து சாயங்காலம் விழுகிறது என்றால் அது வேம்பின் வேலையாகத் தெரியவில்லை. வேம்பு புழுவைத் தின்னவிடாது, சட்டை உரிக்க விடாது, அது சில நாளில் மெலிந்துதான் சாகும். பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள். 1968 பூச்சிக்கொல்லிச் சட்டப்படி பதிவெண் இருக்க வேண்டும், விஷத்தின் கடுமையைக் காட்டும் கலர் முக்கோணம் இருக்க வேண்டும். இரண்டும் இல்லாமல் பசுமாட்டுப் படமும் பச்சை எழுத்தும் மட்டும் என்றால், நேராக ரசாயனம் விற்பவரே இவரைவிட மேல், அவர் டப்பாவிலாவது அடித்து எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்று போட்டிருக்கும். அடித்த செடியில் வந்த காயை மையத்துக்கு அனுப்பாதீர்கள், நடந்ததையும் நீங்களே சொல்லிவிடுங்கள்.

காய்க்குள் போன புழுவை எந்த மருந்தும் தொடாது. அது முதலில் குருத்தில்தான் இறங்கும். நுனி தலை சாய்ந்து வாடியிருப்பதைக் கீறிப் பாருங்கள், உள்ளே வெளிர் ரோஜா நிறத்தில் கிடக்கும். வாரம் ஒருமுறை வயலில் இறங்கி, வாடிய நுனியைத் துளைக்குக் கீழே ஒரு அங்குலம் விட்டுக் கிள்ளி, சொத்தைக் காயோடு சேர்த்துக் கொளுத்துங்கள். வரப்பில் வீசினால் அங்கேயே கூண்டு கட்டி அந்துப்பூச்சியாகித் திரும்ப வரும். பெண் பூச்சியின் வாசனை காட்டி ஆண் அந்துப்பூச்சியைப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறி ஏக்கருக்கு ஐந்து வையுங்கள். பக்கத்தில் பழைய கத்தரி நின்றால் பிடுங்கிவிடுங்கள், அதைக் காய்க்கிறதே என்று விட்டு வைப்பவர்களை எனக்குப் புரிவதே இல்லை.

அப்புறம் வேப்பங்கொட்டை. இதில் மட்டும் நான் பிடிவாதக்காரன். ஆனி, ஆடியில் கோயில் வாசலிலும் வாய்க்கால் கரையிலும் வேப்பம்பழம் மிதிபட்டுக் கிடக்கிறது, நம் ஆட்களோ கடைக்கு ஓடுகிறார்கள். பழத்தைப் பொறுக்கிச் சதையைக் கழுவி, நிழலில் காயவைத்து, சணல் சாக்கில் காற்றுப்பட வையுங்கள். பிளாஸ்டிக் சாக்கில் போட்டால் பூசணம் பிடிக்கும், வருஷம் தாண்டியதில் வீரியம் இருக்காது. பத்து லிட்டர் டேங்குக்கு, கொட்டையை உடைத்து எடுத்த பருப்பு அரைக் கிலோ. இடித்துத் துணியில் கட்டி ராத்திரி ஊறப்போட்டு, காலையில் பால் மாதிரி வரும்வரை பிழிந்து, கொஞ்சம் காதி சோப்பு கரைத்துச் சேர்த்து, வெயில் தாழ்ந்த பிறகு இலையின் அடிப்பக்கம் நனைய அடியுங்கள். முட்டையும் அப்போதுதான் பொரித்த புழுவும் அங்கேதான். கரைத்ததை அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும். இஞ்சி-பூண்டுக் கரைசல் அடிக்கலாம் என்று யாராவது சொன்னால் விட்டுவிடுங்கள், வேண்டாம் என்ற பூண்டை ஸ்பிரேயர் வழியாக அனுப்புவானேன்!

நீங்கள் கேட்காத ஒன்று: ஐப்பசி, கார்த்திகையில் என்ன கொடுப்பீர்கள்? அடைமழையில் சிறுகீரை அழுகும், படுகையில் தண்ணீர் ஏறினால் கத்தரியும் போய்விடும். பத்து நாள் முகாமுக்கு ஆட்கள் வந்து உட்கார்ந்த பிறகு கூடை காலி என்றால், சமையல்காரர் மார்க்கெட்டில் வாங்கி உங்கள் கணக்கிலேயே சேர்த்துவிடுவார். முகாம் தேதிகளை இப்போதே கேட்டு வாங்குங்கள். மேட்டுப் பகுதியில் முருங்கை, சேனை, கருணை போடுங்கள். வரப்போரம் வாழை இருந்தால் தண்டும் பூவும் மழையிலும் கிடைக்கும். மழை மாதத்தில் இதுதான் வரும், கத்தரி வராது என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். வருஷம் முழுக்க கத்தரி வேண்டும் என்று அவர்கள் அடம்பிடித்தால் அந்த ஆர்டரே வேண்டாம்.