பழைய ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் காரின் டிஃபரன்ஷியல் (பின்சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் பற்சக்கரத் தொகுதி) எந்த விகிதம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

வண்டி நம்ம மெட்ராஸில் தயாரானதுதான். ஆனாலும் டிஃபரன்ஷியல் கூட்டின் மேலுள்ள எண்ணை மட்டும் நம்பிப் பாகம் வாங்காதீர்கள். இத்தனை வருஷத்தில் உள்ளே யாராவது மாற்றியிருக்கலாம்.

முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, நியூட்ரலில் போட்டு, ஹேண்ட்பிரேக்கை விடுங்கள். ஒரு பின்சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்குங்கள். புரொப்பல்லர் ஷாஃப்டில் (கியர்பாக்ஸிலிருந்து டிஃபரன்ஷியலுக்கு வரும் தண்டு) சாக்பீஸ் கோடு போட்டு, தூக்கிய சக்கரத்தைச் சரியாக இரண்டு சுற்று சுற்றுங்கள். ஷாஃப்ட் நாலு சுற்றுக்குக் கொஞ்சம் மேலே போனால் விகிதம் 4.11, கிட்டத்தட்ட ஐந்து என்றால் 4.875.

கழற்றிவிட்டால் சந்தேகமே வேண்டாம். பற்களை எண்ணுங்கள்: கிரவுன் (பெரிய பற்சக்கரம்) 37, பினியன் (அதைச் சுற்றும் சிறிய பற்சக்கரம்) 9 என்றால் 37 ÷ 9, அதாவது 4.11.

அப்புறம் சென்னையில் பழைய வண்டிப் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டைக்குப் பழைய ஜோடியைக் கையோடு கொண்டுபோங்கள். கிரவுனும் பினியனும் ஒன்றாகத் தேய்ந்து பழகியவை. தனித்தனியாகக் கிடைத்தால், எவ்வளவு மலிவானாலும் வாங்க வேண்டாம். ஊளைச் சத்தம் நிற்காது.