பெயர்ப்பலகை அதே, சமையல்காரர் வேறு

கேள்வி: அக்கா, படை நடத்தும் உத்தி கேம்கள் என்றால் எனக்குச் சின்ன வயதிலிருந்தே உயிர். இருபது வருடமாக ஒரே தொடரைத்தான் வாங்கி ஆடுகிறேன். புதிய பாகம் வருகிறது என்றதும் முன்பதிவு செய்து 1,300 ரேண்டுக்கு டிஸ்க் வாங்கினேன். தனியாக உட்கார்ந்து ஆடவே நெட் வேண்டும் என்கிறது. பழைய படைப்பிரிவுகளில் பாதியைத் தனிக் காசு கொடுத்து வாங்க வேண்டுமாம். பணம் திரும்பக் கிடைக்குமா? பழைய ரசிகர்களை ஏன் இப்படிக் கைவிடுகிறார்கள்?
- வாசகர், சாட்ஸ்வர்த்

பதில்: முதலில் பணத்தைப் பார்ப்போம், தம்பி. பிடிக்கவில்லை என்று சொல்லிக் கேட்டால் கடைக்காரர் தர வேண்டிய கட்டாயம் இல்லை. இணையத்தில் வாங்கியதை 7 நாளுக்குள் திருப்பலாம் என்கிற நம் தென்னாப்பிரிக்காவின் 2002-ஆம் ஆண்டுச் சட்டமும் உறை பிரித்த மென்பொருளுக்குப் பொருந்தாது. ஆனால் 2008-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 'பொருள்' என்று சொல்வதில் கேமும் அடக்கம், அதைப் பயன்படுத்தும் உரிமமும் அடக்கம். கேம் ஒழுங்காக ஓடவில்லை என்றால், வாங்கிய 6 மாதத்துக்குள் திருப்பிக் கொடுத்து, சரிசெய்து தரச் சொல்வதா, மாற்றிக் கேட்பதா, பணமாகவே கேட்பதா என்பதை நீங்கள் தீர்மானிக்கலாம். உறையின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். நெட் கட்டாயம் என்று அங்கே எழுதாமல் விட்டிருந்தால் உங்கள் கை ஓங்கும், ஏனென்றால் வாங்குபவரைத் தவறாக எண்ண வைப்பதை 41-ஆம் பிரிவு தடுக்கிறது. கடைக்கு எழுத்தில் புகார் கொடுங்கள், ரசீதின் நகலை வைத்துக்கொள்ளுங்கள். அங்கே நடக்கவில்லை என்றால் நுகர்வோர் பொருள், சேவை ஒம்பட் (குறைதீர்ப்பாளர்) அலுவலகத்துக்குப் போங்கள். அங்கே கட்டணம் கிடையாது.

ஏன் கைவிடுகிறார்கள் என்று கேட்டீர்கள். குடைந்த ரொட்டிக்குள் கறிக்குழம்பு ஊற்றித் தரும் பன்னி சௌ கடை, நம் டர்பனில் பேர்போன ஒன்று, கைமாறினால் என்ன ஆகும்? பலகையில் அதே பெயர் இருக்கும், உள்ளே மசாலா அரைத்த கை இருக்காது. கேம் தொடர்களிலும் பெயர் பெரும்பாலும் வெளியீட்டு நிறுவனத்தின் சொத்து. உருவாக்கியவர்கள் வெளியே போனாலும் பெயர் அவர்களோடு போகாது.

டெட் ஸ்பேஸ் என்ற திகில் தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். 2008-ல் வந்த முதல் பாகத்தில் ஆளில்லாத விண்கப்பலுக்குள் தனியாக நடக்கிற பயம்தான் எல்லாம். இதில் தொடர்ந்து பணம் போட 50 லட்சம் பேராவது வாங்க வேண்டும் என்று அதை வெளியிட்ட ஈஏ-யின் உயர் அதிகாரி ஒருவர் 2012-ல் சொன்னார். 2013-ல் வந்த மூன்றாம் பாகத்தில் இன்னொருவரைச் சேர்த்துக்கொண்டு சுட்டுத்தள்ளலாம், ஆயுதம் செய்யும் பொருள்களை உண்மைப் பணத்துக்கே வாங்கலாம். தனிமையை எடுத்துவிட்டால் அந்தக் கதையில் பயம் எங்கிருந்து வரும்? 2017 அக்டோபரில் விசரல் என்ற அந்த ஸ்டூடியோவையே மூடிவிட்டார்கள். லட்சக்கணக்கில் விற்கிற ஒரு கேம் சிறிய நிறுவனத்துக்குப் பல வருடச் சோறு. பெரிய நிறுவனத்தின் கணக்கில் அதுவே நஷ்டம். எல்லோருக்கும் பிடிக்கட்டும் என்று தனிச்சுவையைச் செதுக்கி எடுக்கிறார்கள். புதியவர்கள் வருவதில்லை, பழையவர்களும் போய்விடுகிறார்கள்.

சிம்சிட்டி என்ற நகரம் கட்டும் கேமின் கதை எனக்கு இன்னும் ஆறவில்லை. 1989-ல் தொடங்கிய தொடர் அது. 2013 மார்ச்சில் வந்த பாகம், நெட் இல்லாமல் திறக்கவே திறக்காது. காசு கொடுத்து வாங்கியவர்கள் சர்வருக்குள் நுழைய முடியாமல் நாள்கணக்கில் காத்துக் கிடந்தார்கள். நெட் இல்லாமல் ஆடும் வழி வர ஒரு வருடம் ஆனது. லோட் ஷெடிங்கில் கரண்டோடு டவரும் போய், லேப்டாப்பில் மட்டும் சார்ஜ் மிச்சமிருந்த இரவுகளை மறக்காத நமக்கு இதன் அருமை தெரியும். 2015 மார்ச்சில் அதை உருவாக்கிய எமரிவில் ஸ்டூடியோவும் மூடப்பட்டது. அதே மாதம் பின்லாந்தில் பதினைந்து பேர்கூட இல்லாத ஒரு குழு சிட்டீஸ் ஸ்கைலைன்ஸ் என்ற நகரம் கட்டும் கேமைக் கொண்டுவந்தது. ஒரே மாதத்தில் 10 லட்சம் விற்றது! இந்த வகைக் கேமுக்கு ஆள் இல்லை என்ற பேச்சு அதோடு பொய்யானது.

ஆனாலும் அவர்களே 2023-ல் கொண்டுவந்த இரண்டாம் பாகம் நல்ல கணினிகளையும் திணறடித்தது. அதனால்தான் யாருடைய கேமாக இருந்தாலும் முன்பதிவு வேண்டாம் என்கிறேன். டிஸ்க் தீர்ந்துவிடும் என்று பயந்து வாங்கும் காலம் போய்விட்டது. இரண்டு மூன்று வாரம் பொறுங்கள், முதலில் வாங்கியவர்கள் சொல்வதைக் கேளுங்கள். பழைய பாகத்தில் வேலை செய்தவர்களில் யார் இதில் இருக்கிறார்கள் என்று தேடிப் பாருங்கள். ஸ்டீம் என்ற இணையக் கடையில் வாங்கினால் 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணம் திரும்பும். ஜிஓஜி தளத்தில் வாங்கியதை இறக்கி வைத்துக்கொண்டு நெட் இல்லாமலே நிறுவலாம். கேப் டவுனின் ஃப்ரீ லைவ்ஸ் ஸ்டூடியோ பக்கமும் ஒரு பார்வை பாருங்கள். பாழ்நிலத்தைப் பச்சையாக்கிவிட்டுக் கட்டியதையெல்லாம் பிரித்து எடுத்துக்கொண்டு கிளம்பும் டெர்ரா நில் அவர்களுடையது. இப்படியொரு கேமைப் பெரிய நிறுவனத்தில் சொன்னால் யார் காசு போடுவார்கள்?

கேள்வி: நானும் என் தம்பியும் ஆடிய பழைய கேமின் பெயரில் போனில் ஒன்று 'இலவசம்' என்று வந்தது. ஏழு வயது மகனிடம் கொடுத்தேன். கார்டிலிருந்து 900 ரேண்ட் போய்விட்டது. என்ன செய்வது?
- ஒரு தாய், ஃபீனிக்ஸ்

பதில்: இன்றே செய்யுங்கள், அம்மா. ஆண்ட்ராய்டு போன் என்றால் 48 மணி நேரத்துக்குள் கூகுள் பிளேயில் பணம் கேட்டு விண்ணப்பித்தால் கிடைக்க வாய்ப்பு அதிகம். பெரியவர் சம்மதமின்றிச் சிறுவர் செய்த ஒப்பந்தத்தை ரத்து செய்ய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 39-ஆம் பிரிவு இடம் தருகிறது, அதையும் குறிப்பிடுங்கள். பிறகு ஒவ்வொரு வாங்கலுக்கும் பாஸ்வேர்டு கேட்கும்படி மாற்றிவிடுங்கள்.

பழைய பெயரில் இலவசம் என்று வந்தால் சந்தேகப்படுங்கள். 1997-ன் டஞ்சன் கீப்பர் 2014-ல் போனுக்கு வந்தபோது, சில பாறைகளைத் தோண்ட 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் காசு கட்ட வேண்டும். 'இலவசம்' என்ற அதன் விளம்பரம் மக்களைத் தவறாக எண்ண வைக்கிறது என்று பிரிட்டனின் விளம்பரத் தர ஆணையம் அதே வருடம் தீர்ப்பு சொன்னது.

கேள்வி: அலமாரியில் நாற்பது பழைய டிஸ்க் இருக்கிறது. விற்றுவிடலாமா?
- வாசகர், டோங்காட்

பதில்: நெட் கேட்காமல் ஓடுகிறவற்றை விற்காதீர்கள், ஐயா. தி க்ரூ என்ற கார் கேமின் சர்வரை யூபிசாஃப்ட் 2024 மார்ச் 31-ல் நிறுத்தியதும், கையில் டிஸ்க் வைத்திருந்தவர்களாலும் ஆட முடியாமல் போனது. உங்கள் டிஸ்குகளை அப்படி யாரும் தூரத்திலிருந்து அணைக்க முடியாது. நம் கடற்கரை ஈரம் பொல்லாதது. மூடியுள்ள பெட்டியில், சுவரை ஒட்டாமல் வையுங்கள்.