இருபது ஆண்டு இடைவெளிக்குப் பின் அலெக்ஸ் கணிதத் தேர்வு

அன்புள்ள சகோதரிக்கு,

பிளஸ் டூ முடித்து இருபது ஆண்டுகள் கழித்து அமெரிக்காவில் பட்டப்படிப்பில் சேரும் தங்களை அலெக்ஸ் பிபிஎல் (ALEKS PPL) என்ற கணினிவழிக் கணிதத் தேர்வை எழுதச் சொல்லியிருப்பதாகவும், அதில் தோற்றால் இடம் போய்விடுமோ என்று அஞ்சுவதாகவும் எழுதியிருந்தீர்கள். இதில் தேர்ச்சி, தோல்வி என்பதே கிடையாது. எந்தக் கணிதப் பாடத்திலிருந்து நீங்கள் தொடங்கலாம் என்று பார்ப்பதற்கான தேர்வு இது.

எல்லோருக்கும் ஒரே வினாத்தாள் வராது. அதிகபட்சம் 30 கேள்விகள். நீங்கள் தரும் விடையைப் பார்த்தே கணினி அடுத்த கேள்வியை எடுக்கும். இருபடிச் சமன்பாட்டைத் தீர்ப்பவருக்கு ஒருபடிச் சமன்பாடும் தெரிந்திருக்கும் என்பது போன்ற கணிப்புகளைக் கொண்டு, கேட்காத பகுதிகளையும் சேர்த்தே 100க்கு மதிப்பெண் இடுகிறது. பெரும்பாலும் நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் முறை இல்லை. 3/4 − 5/6 என்று திரையில் வந்தால், −1/12 என்பதைப் பின்னமாகவே கட்டத்தில் உள்ளிட வேண்டும். கால்குலேட்டர் தேவைப்படும் கேள்விகளில் மட்டும் அது திரையிலேயே தோன்றும். கால்குலேட்டர் இல்லாமல் பொதுத்தேர்வு எழுதிப் பழகிய நமக்கு இதில் பெரிய சிரமம் இருக்காது. மறந்துபோன முக்கோணவியலும் மடக்கையும்தான் இடறும்.

வீட்டிலிருந்தே எழுதினால், பொறியாளரான கணவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். விதிமீறல் என்பது ஒருபுறம் இருக்கட்டும். அவர் போட்டுத் தரும் ஒரு கடினமான கணக்கு, அதற்கு அடிப்படையான பலவும் உங்களுக்குத் தெரியும் என்று கணினியை நம்பவைத்துவிடும். அந்த மதிப்பெண்ணோடு நேராகக் கால்குலஸ் வகுப்பில் போய் அமர்ந்தால், முதல் மாதத்திலேயே திணறப்போவது அவர் அல்ல, நீங்கள்தான். தெரியாத கேள்விக்குத் தெரியாது என்று குறிக்கவே திரையில் ஒரு பொத்தான் இருக்கிறது, தயங்காமல் அழுத்துங்கள்.

முதல் முறை தயாரிப்பு இல்லாமலே எழுதினாலும் பாதகமில்லை. அதன் பிறகு உங்கள் பலவீனங்களை ஒட்டிய பயிற்சிப் பகுதி திறக்கும். தினம் ஒரு மணி நேரம் வீதம் சில வாரங்கள் அதில் உழைத்துவிட்டு மறுபடி எழுதுங்கள். எத்தனை முறை எழுதலாம், இடையில் எவ்வளவு நேரம் பயிற்சி செய்திருக்க வேண்டும், எந்த மதிப்பெண்ணுக்கு எந்தப் பாடம் என்பவை கல்லூரிக்குக் கல்லூரி மாறும். கீழ்நிலைப் பாடத்தில் அமர்த்தினால் அதற்குக் கட்டணம் உண்டு, பட்டம் பெறச் சேர்க்க வேண்டிய பாடப்புள்ளி (கிரெடிட்) அதற்குப் பெரும்பாலும் கிடைக்காது என்பதால், இவற்றைத் தேர்வுக்கு முன்பே கல்லூரி ஆலோசகரிடம் மின்னஞ்சலில் கேட்டு எழுத்திலேயே பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.