வெறும் பாரில் பத்துத் தடவை – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணா,

உங்கள் தளத்துக்குப் பழைய திருகோணமலைக் கதைகளை வாசிக்கத்தான் வருவேன். இடைக்கிடை ஜிம் பற்றியும் எழுதுகிறீர்கள் என்பதால் இதைக் கேட்கிறேன். எனக்கு 24 வயது. பாலையூற்றில் வீடு, நிலாவெளியில் ஒரு ஹோட்டலில் வேலை. ஒன்றரை வருடமாக டவுனில் ஒரு ஜிம்முக்குப் போகிறேன். பெஞ்ச் பிரஸ் (பெஞ்சில் மல்லாந்து படுத்துப் பாரத்தை மேலே தள்ளுவது) 70 கிலோவில் மூன்று மாதமாக அசையாமல் நிற்கிறது. முதலில் 50 கிலோவில் 15 தடவை, பிறகு 60 கிலோவில் 12, அதன் பிறகு 70. முன்பு 70இல் எட்டுத் தடவை போனது. இப்போது ஐந்தைத் தாண்டுவதில்லை. இடது தோள்மூட்டின் முன்பக்கமும் நோகிறது.

முதலில் ட்ரெட்மில்லில் பத்து நிமிடம் ஓடு என்கிறார் கோச். இந்தச் சூடான கச்சான் காற்றில் சைக்கிள் உழக்கி வந்து சேரும்போதே சேர்ட்டைப் பிழியலாம். இதற்கு மேல் என்ன வார்ம்-அப்? கன்னியா வெந்நீர்க் கிணற்றில் குளித்துவிட்டு வந்து தூக்கு, அது போதும் என்று நண்பன் பகிடி பண்ணுகிறான்.

இன்னொன்று. நெஞ்சு நாளில் நான் செய்வது பெஞ்ச் பிரஸ்ஸில் ஃபிளாட் (பெஞ்ச் மட்டமாக), இன்க்லைன் (தலைப்பக்கம் உயர்த்தி), டிக்லைன் (தலைப்பக்கம் தாழ்த்தி), பிறகு டம்பெல் ஃபிளை, கேபிள், புல்ஓவர். ஒரு சாம்பியனின் வீடியோவிலிருந்து எடுத்த பட்டியல். எங்கள் ஜிம்மில் மெஷின்கள் குறைவு. பிளேட்டுகளில் நம்பர் அழிந்துபோய் கியூடெக்ஸால் எழுதியிருக்கிறார்கள். இருப்பதை வைத்துக்கொண்டு எதைச் செய்வது, எதை விடுவது? என் பெயர் போடவேண்டாம்.

*

அன்புள்ள தம்பிக்கு,

கன்னியாவிலிருந்தே தொடங்குகிறேன். உங்கள் நண்பன் பகிடியாகச் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. 1945இல் டென்மார்க்கில் அஸ்முசென், போயே என்ற இரண்டு ஆய்வாளர்கள் உடல் சூட்டுக்கும் வேலை செய்யும் திறனுக்கும் என்ன தொடர்பு என்று அளந்து பார்த்தார்கள். தசை சூடாக இருந்தால் வேலை கூட நடக்கிறது என்று கண்டார்கள். சூடான தசை கெதியாகச் சுருங்கும், நரம்பில் செய்தி கெதியாக ஓடும். ஆகவே சூடு தேவை என்பதில் சந்தேகமில்லை. எந்தத் தசையில் சூடு என்பதுதான் கேள்வி. கன்னியாவில் ஏழு கிணற்றிலும் வாளியால் மாறி மாறி அள்ளி ஊற்றிக்கொண்டு, ஈர உடம்போடு எட்டுக் கிலோமீற்றர் காற்று வாங்கி டவுனுக்கு வந்தால் அந்தச் சூட்டில் என்ன மிஞ்சும்? சைக்கிள் உழக்கினால் தொடை சூடாகும். பெஞ்சில் படுத்துத் தள்ளப்போவது தொடை இல்லை. சேர்ட் நனைவது, உடம்பு சூட்டை வெளியே தள்ளப் பார்க்கிறது என்பதற்கு அடையாளம். தோள்மூட்டு ஆயத்தமாகிவிட்டதா என்று வியர்வைக்குத் தெரியாது.

எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. 2011 ஆவணி மாதம், ஒரு சனிக்கிழமை. டச்சுபே மணலில் முக்கால் மணிநேரம் பந்தடித்துவிட்டு, ஊறின உடம்போடு நேரே ஜிம்முக்குப் போனேன். கூட வந்தவன் ஒரு கொத்துரொட்டிக்குப் பந்தயம் கட்டினான்: 100 கிலோவை ஒரே ஒரு தடவை. முந்தின கிழமைதான் அதே பாரத்தை மூன்று தடவை தள்ளியிருந்தேன். உடம்பு கொதிக்கிறது, பிறகென்ன என்று படுத்துவிட்டேன். பார் நெஞ்சுக்கு நாலு விரல் மேலே வந்தபோது வலது அக்குளுக்குப் பக்கத்தில் யாரோ சுண்டிவிட்டதுபோல் இருந்தது. பெரிய வலி என்று சொல்லமாட்டேன். கை மட்டும் என் சொல்லைக் கேட்கவில்லை. மூன்றாம் நாள் அக்குளிலிருந்து முழங்கை வரை கத்தரிக்காய் நிறம். நெஞ்சுத் தசை ஓரத்தில் கொஞ்சம் கிழிந்திருக்கிறது என்றார் டொக்டர். நாலு மாதம் பாரைத் தொடவில்லை. கொத்துரொட்டியை அவனேதான் வாங்கித் தந்தான். வலது கை வாய் வரை வராததால் இடது கையில் கரண்டி பிடித்துச் சாப்பிட்டேன். வார்ம்-அப் செய்திருந்தால் கிழிந்திருக்காது என்று சத்தியம் பண்ண முடியாது. ஆனால் 40 கிலோவிலோ 60 கிலோவிலோ அந்தத் தோள் எனக்கு ஏதாவது சொல்லியிருக்கும் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். சொல்வதற்கு நான் இடம் கொடுக்கவில்லை.

அதனால் கோச் சொல்வதும் அரைவாசிதான். ட்ரெட்மில் கெடுதல் இல்லை. ஏ.சி. போட்ட அறையிலோ மார்கழி மழையிலோ அது உதவும். கச்சான் அடிக்கிற ஆடி மாதத்தில் உங்களுக்கு மூன்று நிமிடம் போதும், விட்டாலும் குற்றமில்லை. விடக்கூடாதது எதைத் தூக்கப்போகிறீர்களோ அதையே இலேசான பாரத்தில் செய்து பார்ப்பது. நாடகத்துக்கு முன் ஒத்திகை பார்ப்பதுபோல. கைப்பிடி எவ்வளவு அகலம், தோள்பட்டை பின்னுக்கு இழுபட்டிருக்கிறதா, பார் நெஞ்சில் எந்த இடத்தைத் தொடுகிறது என்பதெல்லாம் வெறும் பாரில் சரிவரவேண்டும். 70இல் சரிப்படுத்த நேரமிருக்காது.

இப்போது உங்கள் கணக்குக்கு வருவோம். 50 கிலோவை 15 தடவை என்றால் 750 கிலோ. 60ஐ 12 தடவை என்றால் 720. மொத்தம் 1470 கிலோ தள்ளிய பிறகுதான் 70க்கு வருகிறீர்கள். அதுவும் 60 கிலோ என்பது உங்கள் 70இல் நூற்றுக்கு 86. அதில் பன்னிரண்டு என்பது வார்ம்-அப் இல்லை தம்பி, அதுவே முழு வேலை. 70 நகராமல் நிற்பதற்கு எனக்கு வேறு காரணம் தேடத் தோன்றவில்லை.

இப்படி ஏற்றிக்கொண்டே போகும் பழக்கத்துக்கு ஒரு பூர்வீகம் உண்டு. நம் சீனன்குடாவில் 1942இல் ஜப்பானியர் குண்டு போட்டார்களே, அதே யுத்தத்தில் காயப்பட்ட சிப்பாய்களை எழுப்பி நடக்கவைக்க அமெரிக்க ராணுவ ஆஸ்பத்திரி ஒன்றில் பாரம் தூக்கும் முறையைப் புகுத்தியவர் தோமஸ் டெலோர்ம் என்ற டொக்டர். 1948இல் அவரும் வொட்கின்ஸ் என்பவரும் எழுதிய முறை இது: பத்துத் தடவை தூக்கக்கூடிய உச்சப் பாரம் எதுவோ, அதில் பாதியில் பத்து, முக்காலில் பத்து, கடைசியில் முழுப் பாரத்தில் பத்து. முதல் இரண்டு செட்டும், அதாவது சுற்றும், கடைசிச் செட்டுக்கான ஆயத்தம். இன்றைக்கும் உலகமெல்லாம் ‘மூன்று செட், பத்து ரெப்’ என்று பாடமாக ஒப்பிப்பதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் 1951இல் ஒக்ஸ்போர்டில் ஸினோவியெஃப் என்ற இன்னொரு டொக்டர் இதைத் தலைகீழாக மாற்றினார். முழுப் பாரத்துக்கு வருவதற்கு முன்பே நோயாளிகள் களைத்துப்போகிறார்கள் என்பது அவருடைய முறைப்பாடு. டெலோர்ம் சொன்ன பாதியும் முக்காலுமே களைப்பைத் தந்தது என்றால், உங்கள் 50 கிலோவும் (70இல் நூற்றுக்கு 71) 60 கிலோவும் (86) எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஸினோவியெஃப் மாதிரி முழுப் பாரத்திலிருந்து தொடங்கச் சொல்லமாட்டேன், என் அக்குள் சம்மதிக்காது. பாரம் ஏற ஏற எண்ணிக்கையைக் குறையுங்கள், அவ்வளவுதான். வெறும் பார் 20 கிலோ, பத்துத் தடவை. 40இல் ஐந்து. 50இல் மூன்று. 60இல் இரண்டு. பிறகு இரண்டு மூன்று நிமிடம் இருந்து தண்ணீர் குடித்துவிட்டு 70. கூட்டிப் பாருங்கள், 670 கிலோதான், முந்தியதில் பாதிகூட இல்லை. ஆனாலும் உங்கள் கை 60ஐத் தொட்டுப் பார்த்துவிட்டதால் 70 திடீரென்று வந்து அமுக்காது. இந்த ஏணி முதல் பயிற்சிக்கு மட்டும். அடுத்து இன்க்லைன் என்றால் ஒரு இலேசான செட் போதும். கடைசியில் கைக்குச் செய்யும்போது அதுவும் வேண்டாம். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு இரண்டு மூன்று நிமிடம் நெஞ்சை இழுத்து நிற்பவர்கள் இருக்கிறார்கள். அந்த நீண்ட இழுவை உடனே வரும் செட்டில் பலத்தைக் கொஞ்சம் குறைக்கும். அதை முடிவில் வைத்துக்கொள்ளலாம்.

எதைச் செய்வது, எதை விடுவது என்ற உங்கள் இரண்டாவது கேள்வியை வேறாகப் பார்க்க என்னால் முடியவில்லை. ஏனென்றால் அந்த இலேசான செட்டுகளே அதற்குப் பதில் சொல்லும். வெறும் பாரிலேயே தோள் நோகிறதா? கைப்பிடியை ஒரு விரல் உள்ளே எடுங்கள், முழங்கையைத் தோளுக்கு நேரே விரிக்காமல் விலாப் பக்கம் கொஞ்சம் இறக்குங்கள். மறுபடி பத்து. நோ போய்விட்டதா, சரி, போங்கள். வெறும் பாரில் நொந்து 40, 50 என்று போகும்போது குறைந்துகொண்டே வந்தால் அது ஆறிப்போன மூட்டின் சிணுக்கம், தொடரலாம். மாறாக வெறும் பாரில் ஒன்றும் இல்லாமல் ஒவ்வொரு பிளேட்டுக்கும் நோ கூடிக்கொண்டே போனால் அன்றைக்கு அந்தப் பயிற்சியை மூடிவிட்டு டம்பெல்லை எடுங்கள். டம்பெல்லில் இரண்டு கையும் தனித்தனி. மூட்டு தனக்குத் தோதான பாதையைத் தானே தேடிக்கொள்ளும், பாரில் அந்தச் சுதந்திரம் இல்லை. மூன்று கிழமை இப்படிக் குறித்துவைத்தால் ஃபிளாட் பெஞ்ச் உங்கள் உடம்புக்கு ஆகுமா ஆகாதா என்பது கொப்பியில் எழுதியிருக்கும். ஃபிளாட் பெஞ்ச் செய்தே ஆகவேண்டும் என்று ஒரு சட்டமும் இல்லை. இரவில் அந்தப் பக்கம் சரிந்து படுக்க முடியாத அளவுக்கு நோ இருந்தால் மட்டும் கொப்பியை வைத்துவிட்டு டொக்டரிடம் போங்கள்.

உங்கள் ஆறில் இரட்டைப் பிறவிகள் இருக்கின்றன. நெஞ்சுத் தசை விசிறி மாதிரி விரிந்தது. மேல்பகுதி காறை எலும்பிலிருந்து வருகிறது, பெரிய பகுதி நடு நெஞ்செலும்பிலிருந்து. இன்க்லைன் மேல்பகுதிக்குக் கூடுதல் வேலை கொடுக்கும். ஃபிளாட்டும் டிக்லைனும் கிட்டத்தட்ட ஒரே வீட்டுக்காரர், ஒன்று போதும். ஃபிளையும் கேபிளும் கையை உள்ளே கொண்டுவரும் ஒரே வேலைதான். டம்பெல் ஃபிளையில் கை நன்றாக விரிந்து கீழே போகும் இடத்தில்தான் பாரம் மிகக் கூட, நோகிற தோளுக்கு அது வேண்டாம், கேபிளை வைத்துக்கொள்ளுங்கள். படுத்தபடி பாரத்தைத் தலைக்குப் பின்னாலிருந்து நெஞ்சுக்கு மேலே கொண்டுவரும் புல்ஓவர் நெஞ்சுக்கா முதுகுக்கா என்று ஜிம்முக்கு ஜிம் சண்டை நடக்கிறது. உங்களுக்கு அந்தச் சண்டையும் இப்போது தேவையில்லை. ஆக மூன்று. அந்தச் சாம்பியன் ஆறு செய்கிறார் என்றால் அவருக்குப் பின்னால் எத்தனையோ வருடப் பயிற்சி இருக்கிறது. வேறு என்னென்ன இருக்கிறது என்பது வீடியோவில் வராது.

கடிதத்தில் கால் பற்றி ஒரு வரியும் இல்லை. கவனித்தேன். ஸ்குவாட் (பாரத்தோடு குந்தி எழுவது) செய்கிறேன், கால் முழுவதற்கும் அது போதும் என்று சொல்லப்போகிறீர்கள் என்றால், போதாது. தொடையின் பின்தசையில் பெரும்பகுதி இடுப்பையும் முழங்காலையும் சேர்த்துக் கடந்து போகிறது. குந்தும்போது இடுப்புப் பக்கம் அது இழுபடும், முழங்கால் பக்கம் தளரும். கூட்டிக்கழித்தால் நீளம் பெரிதாக மாறாது, வேலையும் பெரிதாக இல்லை. அதற்கு முழங்காலைக் கொஞ்சம் மட்டும் மடக்கி, நாரியை நேராக வைத்து, இடுப்பைப் பின்னுக்குத் தள்ளிப் பாரை இறக்கும் ருமேனியன் டெட்லிஃப்ட் வேண்டும். மெஷின் எதுவும் தேவையில்லை, உங்கள் ஜிம்மில் தாராளமாகச் செய்யலாம். இரண்டு மூட்டைக் கடக்கும் தசை எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் இந்தக் கணக்கு வரும். புயத்தின் பின்னால் இருக்கும் ட்ரைசெப்ஸின் நீளத் தலை தோளையும் கடப்பதால், பெஞ்ச் பிரஸ்ஸில் அதற்கு வயிறு நிறையாது. கையைத் தலைக்கு மேலே தூக்கிச் செய்யும் ஒன்று வேண்டும். கெண்டைக்காலின் பெரிய தசை முழங்காலைக் கடப்பதால் அதை நின்றபடி, கால் நீட்டிச் செய்யவேண்டும். எதைச் சேர்ப்பது என்று முடிவெடுக்க நான் பார்ப்பது இதைத்தான்: ஏற்கெனவே இருக்கும் பயிற்சி எந்தத் தசையை விட்டுவிட்டுப் போகிறது?

கியூடெக்ஸ் நம்பருக்கு வருகிறேன். நாங்கள் பயிற்சி செய்த இடத்திலும் அதே கதைதான். உப்புக்காற்றில் பிளேட் எல்லாம் துருவேறி, தொட்டால் கை செம்மஞ்சளாகும். ஒருநாள் சந்தேகம் வந்து ‘20’ என்று எழுதிய இரண்டு பிளேட்டையும் மீன்கடைத் தராசில் வைத்தோம். ஒன்று 20க்கு மேல் கொஞ்சம். மற்றது 18 சொச்சம். அது எந்தப் பக்கத்தில் தொங்கினது என்று யாருக்கும் நினைவில்லை, ஆனால் சுவரோரமாக இருந்த பிளேட்டை எப்போதும் சுவர்ப் பக்கமே போட்டுப் பழகியிருந்தோம். உங்கள் இடது தோள் மட்டும் நோகிறது என்கிறீர்கள். அதைப் பற்றி ஒரு முடிவுக்கு வருவதற்கு முன் நீங்கள் போடும் பிளேட் இரண்டையும் எடுத்துக்கொண்டு போய் நிறுத்துப் பாருங்கள். மத்தியானம் மீன் முடிந்த பிறகு போனால் தராசு சும்மா இருக்கும். பிளேட்டைக் கழுவிக்கொண்டு போங்கள், இல்லாவிட்டால் ஏச்சு விழும்.