பிரச்சாரத்தின் நடுவில் அமெரிக்க அதிபர் வேட்பாளரை அவரது கட்சியால் மாற்ற முடியுமா?

முடியும். ஆனால் கட்சித் தலைமை நினைத்த மாத்திரத்தில் அல்ல. வேட்பாளர் தானே விலக வேண்டும், அல்லது இறந்துபோக வேண்டும். பிடிவாதமாக நிற்பவரை வெளியேற்றுவது கிட்டத்தட்ட நடக்காத காரியம்.

வேட்பாளரை முறைப்படி அறிவிக்கும் கட்சி மாநாட்டுக்கு முன்பா, பின்பா என்பதுதான் முக்கியம். 2024 ஜூலை 21 அன்று ஜனநாயகக் கட்சியின் பைடன் விலகியபோது சிகாகோ மாநாடு இன்னும் நடக்கவில்லை. கட்சிக்குள் நடக்கும் முதல்கட்டத் தேர்தல்களில் அவர் வென்ற பிரதிநிதிகளை, அதாவது மாநாட்டில் வேட்பாளருக்கு வாக்களிப்பவர்களை, கட்டிப்போட எதுவும் இல்லாமல் போனது. அவர் கமலா ஹாரிஸைக் கைகாட்டினார். மறுநாள் இரவுக்குள் பெரும்பான்மைப் பிரதிநிதிகள் அந்தப் பக்கம் வந்துவிட்டார்கள். ஆகஸ்ட் தொடக்கத்தில் இணையவழியிலேயே வாக்கெடுப்பு முடிந்தது. பிரச்சாரக் குழு இருவர் பெயரிலும் இருந்ததால் பணமும் சிக்கலில்லாமல் கைமாறியது. வேறொருவர் வந்திருந்தால் இவ்வளவு சுலபமாக இருந்திருக்காது என்பது என் கணிப்பு.

மாநாட்டுக்குப் பிறகு என்றால், ஜனநாயகக் கட்சியில் தேசியக் குழு கூடி முடிவெடுக்கும். 1972இல் துணை அதிபர் வேட்பாளர் ஈகிள்டன், மன அழுத்தத்துக்கு மின்னதிர்ச்சி சிகிச்சை பெற்ற செய்தி வெளியாகி விலகினார். அவருக்குப் பதிலாக ஷ்ரைவரைத் தேர்ந்தெடுத்தது அந்தக் குழுதான். குடியரசுக் கட்சியிலோ காலியிடத்தைத் தேசியக் குழுவே நிரப்பலாம், அல்லது மாநாட்டை மறுபடி கூட்டலாம்.

அப்புறம், வாக்குச்சீட்டு. அதில் பெயரை மாற்றுவதற்கான கெடு மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கெடு தாண்டிவிட்டால் விலகியவர் பெயரே சீட்டில் நிற்கும். 2024இல் போட்டியிலிருந்து ஒதுங்கிய ராபர்ட் கென்னடி ஜூனியரின் பெயர் மிச்சிகனில் அப்படித்தான் இருந்தது.